சுரங்கம் மூடினால் வேலை போனவனுக்கு அரசாங்கம் என்ன செய்தது?

உப்புவெளி ரீச்சர் | சனி இரவு 8.10

உயர்தரப் பொருளியல் பிள்ளைகளுக்குக் கட்டமைப்பு வேலையின்மை, அதாவது ஒரு தொழிலே அருகிப்போவதால் வரும் வேலையின்மை, படிப்பிக்கிறேன். உதாரணம் வழக்கம்போல நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பரிகாரம் ஒரே ஒரு வரி: "அரசு மீள்பயிற்சி வழங்கும்." எந்த அரசு வழங்கியது, பயிற்சி எடுத்தவன் எங்கே போனான், எடுக்காதவன் என்ன ஆனான் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வருகிற சனிக்கிழமை இதையே விவாதமாக வைக்கலாம் என்று எண்ணம்.

இங்கே திருகோணமலையை விட்டு உலகம் முழுக்கப் போனவர்கள் இருக்கிறீர்கள். பழைய சுரங்க ஊர்களில் குடியிருப்பவர்களும் உண்டு. நீங்கள் இருக்கிற இடத்தில் அரசாங்கம் உண்மையில் என்ன செய்தது என்று எழுதுங்கள்.

"எங்கட நாட்டில சுரங்கமே இல்லையே" என்று யாரும் தொடங்க வேண்டாம். பென்சிலுக்குப் போடுகிற காரீயம் தோண்டுகிறோம், நிலக்கரி தோண்டுவதில்லை, தெரியும். நுரைச்சோலை மின்நிலையம் 900 மெகாவாட்டுக்கும் எரிக்கிறது கப்பலில் வருகிற கரி.

அன்புவழிபுரத்தான் | சனி இரவு 9.02

ரீச்சர், நான் இருக்கிறது இங்கிலாந்தில டொன்காஸ்டருக்குப் பக்கத்தில. கடை வைச்சிருக்கிறன். காலமை பேப்பர் வாங்க வாற கிழவன்மாரில பாதிப்பேர் பழைய சுரங்கக்காரர். 84ஆம் ஆண்டு ஸ்ட்ரைக்கைப் பற்றி ஒரு சொல்லு விட்டால் பால் புளிக்கும் வரைக்கும் நிண்டு கதைப்பாங்கள்.

கதை இதுதான். 1984 மார்ச்சில 20 சுரங்கம் மூடப்போறம் எண்டு அரசாங்கத்தின்ர நிலக்கரிச் சபை சொல்ல, ஆதர் ஸ்கார்கில்லின்ர சுரங்கத் தொழிலாளர் சங்கம் வேலையை விட்டு இறங்கினது. ஒரு வருசம். 85 மார்ச்சில தோத்துத் திரும்பினாங்கள். அதுக்குப் பிறகு தட்சர் அரசாங்கம் செய்த முதல் வேலை காசைக் காட்டினது. 50 வயசுக்குக் கீழ உள்ளவனுக்கு ஒரு வருசச் சேவைக்கு 1000 பவுண்ஸ். 20 வருசம் கீழ இறங்கினவனுக்கு 20,000. அந்த நாளையில அது பெரிய காசு. கார் வாங்கினான், வீட்டுக் கடனைக் கட்டினான், பிள்ளையளை ஸ்பெயினுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ரெண்டு, மூண்டு வருசத்தில காசு போச்சு. வேலை வரேல்ல.

ரெண்டாவது வேலை, நிலக்கரிச் சபைக்குக் கீழ ஒரு கம்பனி திறந்து, சுரங்க ஊர்களில தொழில் தொடங்கிறவனுக்குக் கடன் குடுத்தது. தொடக்கத்தில 50 லட்சம் பவுண்ஸ், பிறகு கூட்டினாங்கள். இத்தனை ஆயிரம் வேலை உண்டாக்கினம் எண்டு அறிக்கை வரும். அந்த வேலையில எத்தனை சுரங்கக்காரனுக்குக் கிடைச்சது எண்டு கேட்டால் என்ர வாடிக்கையாளர் சிரிப்பாங்கள்.

மூண்டாவதுதான் முக்கியம். அதை ஒருத்தரும் திட்டம் எண்டு அறிவிக்கேல்ல. ஆளை வேலையில்லாதவன் பட்டியலில இருந்து எடுத்து நோயாளி பட்டியலில போட்டாங்கள். சுரங்கத்தில இருந்தவனுக்கு முழங்கால், முதுகு, நெஞ்சு, காது ஏதாவது ஒண்டு பழுதாத்தான் இருக்கும். டொக்டர் துண்டு குடுப்பார், இயலாமைக் கொடுப்பனவு வரும், அது வேலையில்லாக் கொடுப்பனவை விடக் கொஞ்சம் கூட. வேலை தேடுறன் எண்டு கிழமைக்குக் கிழமை போய் நிக்கவும் தேவையில்லை. எல்லாருக்கும் வசதி. அரசாங்கத்துக்கும் வேலையின்மை இலக்கம் குறைஞ்சிட்டுது.

கணக்கப்பிள்ளை | சனி இரவு 9.40

அன்புவழிபுரத்தாரின் கடைசிப் பத்திக்கு ஆதாரம் உண்டு. ஷெஃபீல்ட் ஹலம் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்ரினா பீற்றியும் ஸ்ரீவ் பொதர்கில்லும் 1996ல் அதை எழுதினார்கள். 1981க்கும் 1991க்கும் இடையில் சுரங்க மாவட்டங்களில் லட்சத்துக்கு மேற்பட்ட வேலை போயிருக்க, பதிவான ஆண் வேலையின்மை கூடவில்லை, குறைந்திருந்தது. கூடியது நிரந்தர நோயாளிகளின் தொகை. மறைந்த வேலையின்மை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஆனால் தட்சரை மட்டும் திட்டுகிற வழக்கமான பஜனையில் நான் சேரமாட்டேன். 1960களில் தொழிற்கட்சிப் பிரதமர் வில்சன் காலத்தில் மூடிய சுரங்கங்கள் தட்சர் காலத்தை விட அதிகம். அப்போது ஊர் எரியவில்லை. ஏன்? மூடின சுரங்கத்து ஆளுக்கு அடுத்த சுரங்கத்தில் இடம் இருந்தது. ஸ்கொட்லாந்திலும் டேர்ஹமிலும் மூட, ஆட்களை வீட்டோடு நொட்டிங்ஹமுக்கும் யோர்க்‌ஷயருக்கும் மாற்றினார்கள். தொழிற்சாலைகளும் ஆள் கேட்ட காலம் அது. 80களில் சுரங்கமும் போச்சு, பக்கத்தில் இரும்பாலையும் போச்சு. அரசாங்கம் நல்லதா கெட்டதா என்பதை விட, வெளியே வேறு வேலை இருந்ததா என்பதுதான் கேள்வி. இல்லாத வேலைக்கு மீள்பயிற்சி குடுத்து என்ன பயன்?

நிலாவெளி ரவுடி | சனி இரவு 9.44

பொருளியல் ரியூசன் ஓசியில. நன்றி ரீச்சர்.

ஹம் காமாட்சி | சனி இரவு 10.55 (இங்க இன்னும் பின்னேரம்)

ஜேர்மனியில ஹம் நகரம். எங்கட காமாட்சி அம்பாள் கோயில் தேர்த்திருவிழாவுக்கு வந்தவைக்கு இடம் தெரியும், ஊன்ட்ரொப் கைத்தொழில் பேட்டைக்குள்ள இருக்கு, பக்கத்தில மின்நிலையம். இந்த நகரத்தின்ர கடைசிச் சுரங்கம் 2010ல மூடினது. நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில நேர்ஸ். நெஞ்சில கல்லுத் தூசு படிஞ்ச பழைய சுரங்கக்காரரை நாள் முழுக்கப் பாக்கிறன்.

இங்க நடந்தது இங்கிலாந்துக்கு நேர் மறுபக்கம். 1957ல நாடு முழுக்க ஆறு லட்சம் பேர் நிலக்கரியில வேலை. 58ல நெருக்கடி தொடங்கினது. கடைசிச் சுரங்கம், பொட்ரொப்பில, 2018 டிசம்பர் 21 மூடினது. 60 வருசம் எடுத்தாங்கள்! 1968ல தனியார் கம்பனியளை ஒண்டாச் சேத்து ரூர்கோலே எண்டு ஒரே கம்பனி ஆக்கினது, ஒரு சுரங்கம் மூடினா ஆளை மற்றதுக்கு மாத்திறதுக்கு வசதியா. 1972ல இருந்து ஒரு சரிக்கட்டல் பணம்: நிலத்துக்குக் கீழ வேலை செய்தவனுக்கு 50 வயசானா, ஓய்வூதியம் தொடங்கிற வரைக்கும் அஞ்சு வருசத்துக்கு மாசாமாசம் குடுப்பாங்கள். மேல வேலை செய்தவனுக்கு 57 வயசு. 2007ல உதவித்தொகையை 2018ஓட நிப்பாட்டுறதெண்டு மத்திய அரசு, மாநிலங்கள், கம்பனி, சங்கம் எல்லாரும் கையெழுத்து வைச்சவை. ஆரையும் கட்டாயமா நிப்பாட்டக் கூடாது எண்டது நிபந்தனை. 11 வருசம் முந்தியே எல்லாருக்கும் திகதி தெரியும்.

இன்னொண்டு. ரூர் எண்ட இந்தச் சுரங்கப் பிரதேசத்தில 1950களில ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை. அம்பிடு சனம் இருந்தும் இல்லை. பொஹும் 1965ல திறந்தது, டோர்ட்முண்ட் 1968ல. சுரங்கக்காரனுக்கு இல்லை, அவன்ர பிள்ளையளுக்கு. என்ர இல்லத்தில ஒரு ஐயா இருக்கிறார், அவருக்குச் சரிக்கட்டல் பணம், மகள் பொஹுமில படிச்சு வக்கீல். அரசாங்கம் என்ன செய்தது எண்டு அவரைக் கேட்டா மகளைத்தான் காட்டுவார்.

கணக்கப்பிள்ளை | சனி இரவு 11.20

அக்கா, அழகான கதை. செலவையும் சொல்லுங்கள். வெளியில் மலிவாகக் கிடைத்த கரியை, பல மடங்கு செலவில் நிலத்துக்குக் கீழ் ஒரு கிலோமீற்றருக்கு மேல் இறங்கித் தோண்ட, பத்தாண்டுக் கணக்கில் வரிப்பணம். அந்தக் காசை ஆளுக்கு ஆள் கையில் கொடுத்திருந்தாலே ராசாவாக இருந்திருப்பார்கள். அப்படி இழுத்தும் கெல்சன்கேர்ஷன் இன்றைக்கு ஜேர்மனியிலேயே வேலையின்மை மிகக் கூடின நகரங்களில் ஒன்று. பொஹுமில் 1962ல் கொண்டுவந்த ஒப்பல் கார்த் தொழிற்சாலையும் 2014ல் மூடிப்போச்சு. மூடுவதை ஒத்திப்போட்டால் வேலை வந்துவிடாது.

ஹம் காமாட்சி | ஞாயிறு காலை 11.30

கெல்சன்கேர்ஷன் சரி. மறுக்கேல்ல. ஆனா கணக்கப்பிள்ளை, கையில குடுத்தா ராசா எண்டுறீங்கள், அன்புவழிபுரத்தார் எழுதினதை வாசிக்கேல்லையோ? கையிலதானே குடுத்தவங்கள் அங்க. காசு முடியேக்க மனுசன் 40 வயசில நிக்கிறான்.

ஜேர்மனியைக் குறை சொல்லோணும் எண்டா நான் வேற இடத்தில சொல்லுவன். 1961 ஒப்பந்தத்தோட துருக்கியில இருந்து ஆக்களைக் கூப்பிட்டவங்கள், கன பேர் சுரங்கத்துக்குள்ள போனவை. 1983ல வேலை குறைஞ்சோண்ண ஒரு சட்டம் கொண்டுவந்தாங்கள். வேலை போன வெளிநாட்டான் குடும்பத்தோட நாட்டைவிட்டுப் போனா 10,500 மார்க், பிள்ளைக்கு 1,500 மார்க் மேலதிகம். ஜேர்மன்காரனுக்கு அஞ்சு வருசம் மாசப்பணம், துருக்கிக்காரனுக்கு விமானச் சீட்டு. அதுவும் அரசாங்கம் செய்த வேலையில்லாப் பரிகாரம்தான். அகதி விசாவில நிண்ட எங்களுக்கு அந்தச் சட்டத்தின்ர வாசம் விளங்கும்.

சம்பூர்க்காரன் | ஞாயிறு மதியம் 12.15

எல்லாரும் பெரிய நாட்டுக் கதை கதைக்கிறியள். எங்கட கதையையும் இந்த இழையில எழுதி வைக்கிறன், ரீச்சர் குறை நினைக்கக் கூடாது.

2006ல யுத்தத்தோட எழும்பினம். கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை எண்டு முகாம். நாங்கள் முகாமில இருக்கேக்க சம்பூரில எங்கட காணியில 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் எண்டு இந்திய மின் கம்பனி என்.ரி.பி.சியும் இலங்கை மின்சார சபையும் கைச்சாத்து வைச்சது. வரும் போகும் அதிகாரிமார் எல்லாரும் சொன்னது ஒரே வசனம்: "உங்கட பிள்ளையளுக்கு வேலை." 2015ல காணியில ஒரு பகுதி திரும்பினது. 2016 செப்டம்பரில நிலக்கரித் திட்டம் இல்லை எண்டு உயர்நீதிமன்றத்தில சொன்னாங்கள். சரி, புகை வேண்டாம் எண்டு நாங்களும்தான் கத்தினது. கடலும் வயலும் இருக்கு. ஆனா பாருங்கோ, காணி போனது உண்மை, ஒன்பது வருசம் போனது உண்மை, வேலை மட்டும் கதை. சுரங்கக்காரனுக்கு இருந்த வேலை போச்சு. எங்களுக்கு வராத வேலை போச்சு. அதுக்கு நட்டஈடு எந்தப் புத்தகத்தில கிடக்கு?

உப்புவெளி ரீச்சர் | ஞாயிறு மதியம் 12.40

தம்பி, குறை நினைக்க என்ன இருக்கு. இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேணும். இழையில் இருக்கட்டும்.

கிண்ணியா மச்சான் | ஞாயிறு பின்னேரம் 3.05

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கொரியாவுல ஈ.பி.எஸ் எண்ட வேல விசால இருந்து வந்தவன். கங்வொன் மாகாணத்துல பழைய சுரங்க ஊர் ஒண்டுக்குப் பக்கத்துப் பட்டறையில வேல. அங்க அரசாங்கம் செஞ்ச வேலையச் சொன்னா நம்ப மாட்டீங்க. கசினோ குடுத்திச்சு.

பகிடி இல்ல. 1989ல சுரங்கத்த எல்லாம் ஒழுங்குபடுத்துறம் எண்டு சொல்லி மூடத் தொடங்கி, அஞ்சாறு வருசத்துல முந்நூறுக்கு மேல இருந்தது ஒரு கையளவு ஆயிட்டு. சனம் ரோட்டுக்கு இறங்கிச்சு. 1995ல மூடின சுரங்க ஊருக்கெண்டு தனிச் சட்டம் போட்டு, அந்தச் சட்டத்துக்குக் கீழ 2000 ஒக்டோபர்ல கசினோ திறந்தாங்க. கொரியாவுல மத்த எல்லாக் கசினோவும் வெளிநாட்டுக்காரனுக்கு மட்டும். கொரியாக்காரன் உள்ள போகலாம் எண்ட ஒரே இடம் இந்தச் சுரங்க ஊர்தான். அந்த உரிமைதான் நிவாரணம்!

வேல வந்துதா எண்டா வந்துது. ஊர்ப் புள்ளைகளுக்கு இடம் குடுத்தாங்க. ஊருக்கு நிதியும் வருது. ஆனா றோட்டு ஓரத்துல போனா ரெண்டு பக்கமும் அடகுக் கடை. காரை அடகு வெச்சு ஆடுறான், தோத்தா பஸ்ஸில போறான். கார் வரிசையா தூசு புடிச்சு நிக்கும். எங்கட முதலாளி அம்பது வயசு மனுசன், அவர்ர வாப்பா சுரங்கத்துல நெஞ்சு போய் மௌத்தானவர். அவர் சொல்லுவார், முந்தி நெலத்துக்குக் கீழ இருந்து எடுத்தம், இப்ப மனிசன்ட சேப்புக்குள்ள இருந்து எடுக்கிறம் எண்டு.

ஹராம் ஹலால் கதைய உடுங்க. வேல குடுக்கிறம் எண்டு அரசாங்கம் என்னத்தையும் கொண்டு வரலாம் எண்டதுக்குச் சொல்றன்.

நிலாவெளி ரவுடி | ஞாயிறு பின்னேரம் 3.11

மெதுவா சொல்லு மச்சான், இஞ்ச ஆராவது அமைச்சர் வாசிச்சிட்டு டச் பே கடற்கரையில தொடங்கப் போறார்.

கந்தளாய் 10ம் கொலனி | ஞாயிறு மாலை 5.30

எங்கட மாவட்டத்திலயே மூடின தொழிற்சாலை இருக்க ஏன் கொரியா வரைக்கும் போறியள்? கந்தளாய் சீனித் தொழிற்சாலை. 1960ல தொடங்கினது, 1993ல மூடினது. அதுக்குள்ள வேலை செய்த ஆக்களுக்காவது இலக்கம் இருந்தது, சேவைக்காலம் இருந்தது, ஊழியர் சேமலாப நிதி இருந்தது. கரும்பு நட்டவன், வெட்டினவன், லொறியில ஏத்தினவன், தொழிற்சாலை வாசலில சோத்துக்கடை போட்டவள், இவை எந்தப் பட்டியலில இருந்தவை? ஆலை மூடினா கரும்பை என்ன செய்யிறது? சிங்களவன், தமிழன், முஸ்லிம் எண்டு பாக்காமல் எல்லாரையும் சமமா விட்டதில ஒரு குறையும் இல்லை.

பிறகு முதலீட்டாளர் வாறார் எண்டு எத்தனை தரம் பத்திரிகையில வந்தது. இயந்திரம் துருப்பிடிச்சு இரும்புக்குப் போனதுதான் மிச்சம்.

பழைய லேபர் ஒபிசர் | ஞாயிறு இரவு 7.45

நான் தொழில் திணைக்களத்தில் இருந்து இளைப்பாறியவன். கந்தளாய்த் தம்பி எழுதியது இழையின் நடுப்புள்ளி என்று எனக்குப் படுகிறது. எங்கள் சட்டம் எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்த நாட்டில் வேலையில்லாக் காப்புறுதி கிடையாது. இருப்பது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் சட்டம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அனுமதி கொடுத்தால் சேவைக்காலத்தின்படி நட்டஈட்டுச் சூத்திரம். உச்சவரம்பு 12½ லட்சமாக இருந்து 2021ல் 25 லட்சமாகியது. சட்டம் கேட்கும் சேவைக்காலம் முடிக்காதவர், 15 பேருக்குக் குறைவான கடையில் நிற்பவர், கொந்தராத்துக்காரர் கொண்டுவந்து இறக்கிய நாட்கூலி, எல்லாரும் வெளியே.

கவனியுங்கள், இந்த முறை பிரித்தானியர் சுரங்கத்தில் செய்த அதே முறை. சேவைக்காலத்தைப் பெருக்கிக் காசைக் கொடுத்து வாசலைக் காட்டுவது. அடுத்த வேலைக்கு வழி சட்டத்தில் ஒரு வரியிலும் இல்லை. 90களில் அரச கூட்டுத்தாபனங்களில் சுயவிருப்பு ஓய்வு என்று கொடுத்தபோதும் இதேதான். ஓட்டோ வாங்கியவர் எத்தனை பேர், அந்த ஓட்டோவை விற்றவர் எத்தனை பேர் என்று எங்கள் கந்தோரில் யாரும் எண்ணவில்லை. எண்ணச் சொல்லி மேலே இருந்து கேட்கவும் இல்லை.

கணக்கப்பிள்ளை | ஞாயிறு இரவு 8.20

ஐயா, சட்டம் இறுக்கமாக இருப்பதால்தான் 14 பேரோடு நிறுத்திக்கொள்கிற முதலாளி இருக்கிறார். அதையும் சொல்ல வேண்டும்.

பழைய லேபர் ஒபிசர் | ஞாயிறு இரவு 8.31

இருக்கிறார். மூன்று கம்பனிப் பெயரில் 14, 14 ஆக வைத்திருக்கிறவரும் இருக்கிறார். அதற்காக 15ஆவது ஆளின் பாதுகாப்பை எடுத்தால் 14 பேருக்கு வந்துவிடுமா?

ஆனந்தபுரி | ஞாயிறு இரவு 9.15

இந்தியா ஒருவரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். மேகாலயாவில் எலிவளைச் சுரங்கம் என்பார்கள், ஆள் தவழ்ந்து போகிற அளவு பொந்து. 2014 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. சூழலுக்கு நல்ல தீர்ப்பு, உயிருக்கும் நல்ல தீர்ப்பு. ஆனால் அதுவரை உள்ளே போனவர்கள் ஏட்டில் இல்லாதவர்கள், அசாம், நேபாளம் என்று வந்த கூலிகள். ஏட்டில் இல்லாதவனுக்கு எப்படி மாற்று வேலை, எப்படி நட்டஈடு? தோண்டுவது நிற்கவில்லை, இரவுக்கு மாறியது. 2018 டிசம்பரில் க்சான் என்ற இடத்தில் வெள்ளம் புகுந்து 15 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள்.

தென்னாபிரிக்காவில் கோமாட்டி நிலக்கரி மின்நிலையத்தை 2022 ஒக்டோபரில் மூடினார்கள். உலக வங்கி 49 கோடி 70 லட்சம் டொலர், சூரியமின், பயிற்சி நிலையம் என்று மாதிரித் திட்டமாகவே காட்டினார்கள். நிரந்தர ஊழியரை வேறு நிலையங்களுக்கு மாற்றினார்கள். கொந்தராத்துக்காரரும் அந்தச் சிற்றூரின் கடைகளும் அப்படியே விடப்பட்டார்கள். கந்தளாய்ச் சோற்றுக்கடை அங்கேயும் இருக்கிறது.

சீனாவில் 2016ல் நிலக்கரியிலும் இரும்பிலும் சேர்த்து 18 லட்சம் பேரைக் குறைப்போம் என்று அமைச்சரே அறிவித்தார், 10,000 கோடி யுவான் ஒதுக்கினார்கள். அடுத்த மாதமே சம்பளப் பாக்கி கேட்டு சுவாங்யாஷானில் ஆயிரக்கணக்கான சுரங்கக்காரர் தெருவில்.

அன்புவழிபுரத்தான் | திங்கள் இரவு 1.10

கடை பூட்டிட்டு வந்து பாத்தா இழை பூதாகரமா வளந்திருக்கு.

ரெண்டு விசயம் சேக்கிறன். ஒண்டு வேல்ஸில ரவர் சுரங்கம். 1994ல இலாபம் இல்லை எண்டு மூடினாங்கள். 239 பேர் தங்கட வேலைநீக்கக் காசில ஆளுக்கு 8,000 பவுண்ஸ் போட்டு அந்தச் சுரங்கத்தையே வாங்கினாங்கள். 95 ஜனவரியில திறந்து, கரி முடியிற வரைக்கும், 2008 ஜனவரி வரை நடத்தினாங்கள். 13 வருசம்! "இலாபம் இல்லை" எண்ட கணக்கைப் போட்டது ஆர் எண்டு கணக்கப்பிள்ளை யோசிக்கட்டும்.

மற்றது ஓய்வூதிய நிதி. 94ல சுரங்கங்களைத் தனியாருக்கு விக்கேக்க, சுரங்கக்காரரின்ர ஓய்வூதிய நிதிக்கு அரசாங்கம் உத்தரவாதம் குடுத்து, நிதியில மிஞ்சுறதில பாதி அரசாங்கத்துக்கு எண்டு எழுதி எடுத்தது. 440 கோடி பவுண்ஸ் அப்பிடிப் போயிருக்கு எண்டு 2021ல பாராளுமன்றக் குழுவே சொன்னது. வேலை போனவனுக்கு உதவி எண்டு ஒரு கையால குடுத்து மற்றக் கையால எடுத்தது. கடைசியா 2024 வரவுசெலவில 150 கோடியைத் திருப்பிக் குடுத்தாங்கள். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேருக்கு ஓய்வூதியம் 32 வீதம் கூடினது. என்ர கடைக்கு வாற ஒரு மனுசி, புருசன் போய்ச் சேந்து கன காலம், அவவுக்கும் கூடினது. "அவன் இருக்கேக்க வந்திருக்கலாம்" எண்டா. வேறொண்டும் சொல்லேல்ல, லொத்தர்ச் சீட்டு வாங்கிக்கொண்டு போட்டா.

கணக்கப்பிள்ளை | திங்கள் காலை 7.50

ரவரில் அரசு விட்ட கரிப்படுகை நல்லது. எல்லாச் சுரங்கத்துக்கும் அது பொருந்தாது. ஆனால் அந்த ஒன்றில் கணக்குப் போட்டவர் பிழை, அதில் வாதமில்லை.

ஹம் காமாட்சி | திங்கள் மாலை 4.40

ஸ்பெயினையும் ரீச்சர் பாக்கலாம். 2018 ஒக்டோபரில அரசாங்கமும் சங்கங்களும் ஒப்பந்தம் செய்து, 25 கோடி யூரோ, 48 வயசில முன்கூட்டி ஓய்வு, மற்றவைக்கு மூடின சுரங்க நிலத்தைச் சீராக்கிற வேலை. அந்தக் கடைசி எனக்குப் பிடிச்சது. குழி தோண்டினவனுக்கு அந்தக் குழியை மூடுறதில முதல் உரிமை. ரூரில சுரங்கம் மூடின பிறகும் நிலத்தடித் தண்ணியை இறைச்சுக்கொண்டே இருக்கோணும், நிப்பாட்டினா ஊர் தாழும். அதுக்கெண்டு தனி நிதியம், ஆண்டுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல, முடிவே இல்லாத செலவு. சுரங்கம் மூடினாலும் வேலை முடியாது, அந்த வேலை ஆருக்குப் போகுது எண்டதுதான்.

சம்பூர்க்காரன் | திங்கள் இரவு 8.05

அக்கா சொன்னதைப் பிடிச்சுக் கேக்கிறன். இப்ப சம்பூரில 120 மெகாவாட் சூரியமின். 2025 ஏப்ரலில மோடியும் எங்கட ஜனாதிபதியும் கொழும்பில இருந்துகொண்டே ஆரம்பிச்சு வைச்சாங்கள். திரும்பவும் அதே வசனம் காதில விழுது, "உங்கட பிள்ளையளுக்கு வேலை." கட்டேக்க கூலி வேலை வரும், தெரியும். கட்டி முடிஞ்சா கண்ணாடித் தட்டுக் கழுவ, புல்லு வெட்ட, காவல் நிக்க எத்தனை பேர் வேணும்? அந்த வேலையும் கொழும்புக் கொந்தராத்துக்காரன் ஊடாத்தான் வருமெண்டா, லேபர் ஒபிசர் ஐயா சொன்ன பட்டியலுக்கு வெளியதானே நாங்கள் நிக்கிறது?

பழைய லேபர் ஒபிசர் | திங்கள் இரவு 8.50

ஆம், வெளியேதான். ஆனால் கட்டி முடித்த பிறகு அழுவதை விட இப்போது கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆர்.ரி.ஐ. 01 படிவம், தமிழில் எழுதலாம். மின்சாரத் துறையில் இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு ஒன்று, மூதூர் பிரதேச செயலகத்துக்கு ஒன்று. 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும்.

கேள்வி பொதுவாக இருக்கக் கூடாது. "வேலைவாய்ப்பு எவ்வளவு" என்று கேட்டால் "கணிசமான அளவு" என்று பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: இயங்கத் தொடங்கிய பின் நிரந்தரப் பதவிகள் எத்தனை, பதவிப் பெயர்களோடு. கொந்தராத்து ஊடாக எடுக்கப்படுவோர் எத்தனை, அவர்களுக்குச் சேமலாப நிதி கட்டும் பொறுப்பு யாருடையது என்று ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் உள்ளது. 2006ல் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு முன்னுரிமை என்று எழுத்தில் ஏதும் உண்டா, இருந்தால் பிரதி.

கந்தளாய் 10ம் கொலனி | திங்கள் இரவு 9.02

நாலாவதா ஒண்டு: திட்டம் நிண்டால் என்ன நட்டஈடு எண்டதையும் கேளுங்கோ. ஆலை திறக்கிற அண்டு அதை நாங்கள் கேக்கேல்ல.

உப்புவெளி ரீச்சர் | திங்கள் இரவு 9.30

ஐயா, நன்றி. விவாதத் தலைப்பை மாற்றிவிட்டேன். "வேலை இழந்தவருக்கு நட்டஈடு போதும்" என்று ஒரு அணி, "மூடுவதற்கு முதலே அடுத்த வேலை காட்ட வேண்டும்" என்று மற்ற அணி. கணக்கப்பிள்ளை நேரம் இருந்தால் நடுவராக வரலாம், சாய்ந்துதான் தீர்ப்புச் சொல்வீர்கள் என்று தெரிந்தாலும் பரவாயில்லை.

சம்பூர்த் தம்பி, படிவத்தை நிரப்பிப் படமெடுத்து இங்கே போடுங்கள். எழுத்துப்பிழை நான் பார்க்கிறேன்.

சம்பூர்க்காரன் | செவ்வாய் காலை 6.20

படிவம் கிராம சேவகர் ஒபிசில இருக்குமோ, இல்லை மூதூருக்குப் போகோணுமோ ஐயா?

பழைய லேபர் ஒபிசர் | செவ்வாய் காலை 6.45

பிரதேச செயலகத்தில் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் வெள்ளைத் தாளில் அதே விபரத்தை எழுதினாலும் ஏற்க வேண்டும். கொடுத்த கையோடு பற்றுச்சீட்டு வாங்காமல் வர வேண்டாம்.